உறைபனி பார்க்கப் புறப்படும் சென்னைக்காரர்களுக்கு

மார்கழி பிறந்தால் எங்கள் பெரம்பூர் வீட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்துவிடும். காலையில் அதை வெயிலில் வைத்து எடுப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த குளிர்காலம். சென்னையில் ஜனவரி மாத விடியற்காலைகூடப் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகள், புல்வெளி முழுக்க வெள்ளையாகக் கிடக்கும் ஒரு படத்தைக் காட்டி, "இது நம் ஊரில் எப்போது வரும், அப்பா?" என்று கேட்டாள். அதை அவளுக்கு நேரில் காட்ட எனக்கு மூன்று குளிர்காலங்கள் பிடித்தன. முதல் இரண்டு முறை பணமும் விடுமுறையும் செலவழித்துவிட்டு ஈரப் புல்லைப் பார்த்துத் திரும்பினோம். அந்த இரண்டு பயணங்களும் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஊட்டியில் நாம் பார்க்கப்போவது வானத்திலிருந்து விழும் பனி அல்ல. இரவில் புல்லின்மேல் படிந்து, வெயில் ஏறியதும் மறைந்துவிடும் உறைபனி. குழந்தைகளிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். பனி உருண்டை செய்து எறியலாம் என்று நினைத்து வரும் பிள்ளை ஏமாந்துபோகும். புல் வெள்ளையாகும் என்று தெரிந்து வரும் பிள்ளைக்கு அந்தக் காலை மறக்காது.

1. நாளைத் தேர்ந்தெடுப்பது

நாங்கள் முதல் முறை செய்த தவறு இங்கேதான். அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ் வாரம், எல்லாம் வசதியாக இருக்கிறது என்று கிளம்பிவிட்டோம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. மலை முழுக்க மேகம், தூறல், மூட்டம். குளிர் எலும்பைத் துளைத்தது, ஆனால் உறைபனி இல்லை.

காரணம் எளிமையானது. இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கிறது. மேகம் இருந்தால் அது போர்வைபோல மூடிக்கொண்டு வெப்பத்தைப் போகவிடாது. வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருக்கும் இரவில்தான் புல் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனியாகப் படியும். எனவே ஊட்டியில் குளிர்கிறதா என்று கேட்காதீர்கள். இரவில் நட்சத்திரம் தெரிகிறதா என்று கேளுங்கள்.

பொதுவாக நவம்பரில் நீர்ப்பனி தொடங்கும், பிறகு உறைபனி வரும், பிப்ரவரி வரை அவ்வப்போது விழும். வடகிழக்குப் பருவமழை ஓயும் வரை நம்பிப் போக முடியாது. என் அனுபவத்தில் ஜனவரியின் பிற்பாதிதான் சிறந்தது. அதிலும் பொங்கல் விடுமுறையையும் குடியரசு தினத்தை ஒட்டிய நாள்களையும் தவிர்த்துவிடுங்கள். அறை வாடகை இரட்டிப்பாகும், மலைப்பாதையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். செவ்வாய் இரவு சென்னையில் கிளம்பி, புதனும் வியாழனும் தங்கி, வெள்ளி மாலை இறங்குவது நல்ல திட்டம். பிள்ளைக்கு மூன்று நாள் விடுப்பு வேண்டும். பள்ளிக்கு விடுப்புக் கடிதத்தை முன்பே கொடுத்துவிடுங்கள்.

ஒரே ஒரு இரவு தங்கும் திட்டம் போடவே வேண்டாம். ஒரு விடியல் மேகத்தில் போனால் இன்னொன்று கையில் இருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு நான்கைந்து நாள் முன்பிருந்து நுங்கம்பாக்கத்திலுள்ள மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தினசரி அறிக்கையைப் பாருங்கள். ஊட்டியின் குறைந்தபட்ச வெப்பநிலை அதில் இருக்கும். நீலகிரியிலும் கொடைக்கானல் மலைப்பகுதியிலும் உறைபனிக்கு வாய்ப்பு இருந்தால் அதையும் சொல்வார்கள். 3 அல்லது 4 டிகிரி என்று பார்த்து மனம் தளர வேண்டாம். வெப்பநிலையைத் தரையிலிருந்து ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் அளக்கிறார்கள். அதே நேரத்தில் தரையில் கிடக்கும் புல் உறைந்தே போயிருக்கலாம்.

2. டிக்கெட்

சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு ஒன்பது மணியளவில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ்தான் நமக்கு. காலை ஆறேகால் மணியளவில் மேட்டுப்பாளையத்தில் இறங்கிவிடலாம். முன்பதிவு 60 நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். ஜனவரி 20 பயணத்துக்கு நவம்பர் 21 அன்று. முன்பதிவு திறந்தவுடன் இணையத்தில் ஆதார் சரிபார்க்கப்பட்ட கணக்கில் மட்டுமே டிக்கெட் எடுக்க முடியும். எனவே ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதாரை அதற்கு முந்தைய வாரமே இணைத்து வையுங்கள். அன்று காலையில் ஓ.டி.பி. வரவில்லை என்று தவிப்பதற்குள் இடங்கள் போய்விடும்.

ஸ்லீப்பர் கட்டணம் ஏறத்தாழ 350 ரூபாய், மூன்றடுக்கு ஏசி ஏறத்தாழ 900 ரூபாய். வானிலை சரியில்லை என்று சில நாள் முன்பே ரத்து செய்தால் ஆளுக்கு ஸ்லீப்பரில் 120 ரூபாயும், ஏசியில் 180 ரூபாயும் அதற்கான வரியும் பிடிப்பார்கள். மேகத்தைப் பார்க்க மலையேறுவதைவிட அந்த நஷ்டம் எவ்வளவோ மேல். நான் இப்போது அடுத்தடுத்த இரண்டு வாரங்களுக்கு டிக்கெட் எடுத்து, ஒன்றை ரத்து செய்கிறேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் காலை 7.10 மணிக்கு. இரண்டாம் வகுப்பு ஏறத்தாழ 300 ரூபாய். இதற்கும் தனியாக முன்பதிவு உண்டு, இடம் குறைவு. ஊட்டிக்குப் போய்ச் சேர நண்பகல் ஆகிவிடும். ஆசைப்பட்டு ஏறுங்கள், ஆனால் பயணத் திட்டத்தை அதன்மேல் கட்டாதீர்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து அந்தத் தடம் அடிக்கடி மூடப்படும். எங்கள் முதல் பயணத்தில் அதுவே நடந்தது. குளிரில் நடுங்கும் குழந்தையோடு பஸ் நிலையம் தேடினோம். அரசு பஸ் நூறு ரூபாய்க்குள், இரண்டரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டல் வருபவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்.

3. காரில் போகிறவர்களுக்கு இ-பாஸ்

2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். கட்டணம் கிடையாது. அரசு இணையதளத்தில் செல்பேசி எண் கொடுத்து, ஓ.டி.பி. போட்டு, வாகன எண், ஆட்களின் எண்ணிக்கை, நுழையும் நாள், தங்கும் நாள்கள், தங்குமிடம் ஆகியவற்றை நிரப்ப வேண்டும். பத்து நிமிட வேலைதான். ஆனால் அதை மலையடிவாரத்திலுள்ள கல்லாறு சோதனைச்சாவடிக்கு வந்தபின் செய்ய நினைப்பதுதான் எல்லோரும் விழும் குழி. அங்கே பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க, செல்பேசியில் சிக்னலும் இல்லாமல் போனால் நிலைமை மோசம். 2025 கோடையில் நீதிமன்ற உத்தரவுப்படி வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பே வைத்தார்கள். எனவே கிளம்பும் முன் அப்போதைய விதி என்ன என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பயண நாள் மாறினால் பாஸையும் புதிதாக எடுங்கள். பாஸில் உள்ள வாகன எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் மைத்துனரின் காரை வாங்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இதைக் கவனியுங்கள். ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்றிதழ் மூன்றும் கையில் இருக்கட்டும். ரயிலிலும் அரசு பஸ்ஸிலும் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. நீலகிரிப் பதிவெண்ணான டி.என். 43 வண்டிகளுக்கும் தேவையில்லை. மேட்டுப்பாளையத்தில் வாடகைக் கார் பிடித்தால், பாஸ் எடுத்தாயிற்றா என்று ஏறும் முன் கேளுங்கள்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைச் சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில்கள் எடுத்துச் செல்லுங்கள். வழியில் குடிநீர் இயந்திரங்கள் இருக்கின்றன. ஐந்து ரூபாய் நாணயங்கள் சில பையில் கிடக்கட்டும்.

4. அறை

இங்கே ஆவணம் பெரிதாக ஒன்றுமில்லை. பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் ஆதார் அசல், குழந்தைக்கு ஆதாரோ பள்ளி அடையாள அட்டையோ போதும். கேட்க வேண்டிய கேள்விகள்தான் முக்கியம். பணம் கட்டும் முன் தொலைபேசியில் கேளுங்கள்: வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? கூடுதல் கம்பளிக்குக் காசு உண்டா? ஹீட்டர் வாடகை எவ்வளவு? விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கதவைத் திறந்துவிட ஆள் இருப்பாரா?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இரண்டாம் முறை நாங்கள் தங்கிய விடுதியில் வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு காவலர் உள்ளே தூங்கிவிட்டார். அவரை எழுப்பி, கார் ஓட்டுநரைத் தேடிப் பிடித்து, உறைபனிக்குப் பேர்பெற்ற தலைகுந்தா போய்ச் சேர எட்டரை ஆகிவிட்டது. வானம் கண்ணாடிபோல் இருந்தது. புல் நனைந்து கிடந்தது. அங்கிருந்த தேநீர்க் கடைக்காரர் என் மகளைப் பார்த்துவிட்டு, "ஒரு மணி நேரம் முன்னால் வந்திருக்க வேண்டும், சார். காலையில் அப்படியே வெள்ளையாக இருந்தது" என்றார். அவள் ஒன்றும் பேசாமல் தேநீர் தம்ளரைக் கையில் வைத்துச் சூடு காய்ந்துகொண்டிருந்தாள். அன்று எனக்கு வந்த கோபமும் வருத்தமும் இன்னும் ஆறவில்லை.

வார நாளில் ஓரளவு நல்ல அறை 2,000 முதல் 2,500 ரூபாய்க்குக் கிடைத்தது. ஹீட்டருக்கு இரவுக்கு 300 கேட்டார்கள்; கொடுத்துவிடுங்கள்.

5. உடை

கனமான ஒரே ஜெர்கினைவிட ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு உடை நன்றாகக் குளிர் தாங்கும். உள்ளே உடம்போடு ஒட்டிய முழுக்கை பனியன், நடுவில் கம்பளி ஸ்வெட்டர், மேலே காற்றுப் புகாத ஜெர்கின். காதை மூடும் குல்லா, கையுறை, இரண்டு ஜோடி காலுறை. சென்னைக்காரர்கள் மறப்பது பாதங்களைத்தான். செருப்போடு பனிப்புல்லில் நின்றால் ஐந்து நிமிடத்தில் விரல்கள் மரத்துவிடும். மூடிய ஷூ இல்லாமல் கிளம்பாதீர்கள்.

சென்னையில் குளிர்காலத்தில் நடைபாதையில் கடை போடும் திபெத்தியர்களிடம் வாங்கலாம். இல்லையென்றால் ஊட்டித் தாவரவியல் பூங்கா அருகிலுள்ள திபெத்தியர் சந்தையில் வாங்கலாம். ஆனால் ஊட்டியில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே போட்டுக்கொள்ள ஒரு செட்டாவது கையில் வேண்டும். எங்கள் மூவருக்கும் எல்லாம் சேர்த்து 3,600 ரூபாய் ஆயிற்று. உதட்டுக்கும் குதிகாலுக்கும் வாசலின் எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சிரைப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். இன்ஹேலரைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. அந்த விடியற்காலை

ஜனவரியில் ஊட்டியில் சூரிய உதயம் 6.45 மணியை ஒட்டி. ஆறேகால் மணிக்கு நீங்கள் புல்வெளியின் ஓரத்தில் நிற்க வேண்டும். எட்டு மணிக்குள் எல்லாம் கரைந்துவிடும். முந்தைய மாலையே கார் ஓட்டுநரிடம் நேரம் பேசி, பெயரும் எண்ணும் வாங்கி, இரவு தூங்கப்போகும் முன் ஒருமுறை அழைத்து உறுதிப்படுத்துங்கள். தலைகுந்தா போய்த் திரும்ப நாங்கள் 1,200 ரூபாய் கொடுத்தோம்.

இடம் தேர்வில் ஒரே விதி: பள்ளமாக, திறந்தவெளியாக இருக்க வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவுகளில் வழிந்து தாழ்வான இடத்தில் தேங்கும். நகரத்திலிருந்து கூடலூர் சாலையிலுள்ள தலைகுந்தா, நகருக்குள்ளேயே காந்தல், குதிரைப் பந்தய மைதானத்துப் பகுதி ஆகியவை பேர்பெற்றவை. கார் கிடைக்கவில்லையென்றால் காந்தலுக்கோ மைதானத்துப் பக்கமோ நடந்தே போகலாம். மேட்டின் உச்சியில் காட்சி அழகாக இருக்கும், பனி இருக்காது.

தலைகுந்தாவில் வனத்துறையின் நிலம் சாலையை ஒட்டியே தொடங்கிவிடுகிறது. வேலி தாண்டி உள்ளே போகாதீர்கள். அபராதம் போடுவார்கள், அந்த நேரத்தில் காட்டுமாடுகளும் நடமாடும். சாலையோரப் புல்லிலேயே வேண்டிய மட்டும் பனி கிடக்கிறது. தோட்டங்களுக்குள்ளும் நுழையாதீர்கள். நமக்குக் கண்ணுக்கு விருந்தாக இருப்பது தேயிலைக் கொழுந்தையும் காய்கறிச் செடியையும் கருக்கிவிடும். விடிவதற்குள் செடிகளுக்குத் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவும் விவசாயிகளைப் பார்ப்பீர்கள். அவர்களை நிறுத்திப் படம் எடுக்காமல் வழிவிடுங்கள்.

மூன்றாம் முறை, வியாழக்கிழமை, 6.20 மணிக்கு நாங்கள் இறங்கினோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. காரின் முகப்பு வெளிச்சத்தில் புல் சாம்பல் நிறமாக இருந்தது. மகள் ஒரு அடி வைத்தாள். காலடியில் அப்பளம் நொறுங்குவதுபோல் சத்தம். குனிந்து பார்த்தோம். ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் பொடி உப்பை ஒட்டவைத்ததுபோல் வெள்ளை விளிம்பு. அருகில் நின்ற ஜீப்பின்மேல் பனி மெல்லிய தாளாகப் படிந்திருந்தது. அவள் கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் அதில் தன் பெயரை எழுதினாள். எழுதி முடிப்பதற்குள் விரல் நுனி சிவந்துவிட்டது. அப்போதும் அவள் கையை எடுக்கவில்லை.

வெயில் ஏறத் தொடங்கியதும் ஓடி வண்டிக்குள் புகுந்துவிடாதீர்கள். அதன்பிறகு வரும் பத்து நிமிடங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. வெயில் பட்ட இடமெல்லாம் பச்சையாகிவிடுகிறது. மரத்தின் நிழல் விழுந்த இடம் மட்டும் வெள்ளையாக, அந்த மரத்தின் உருவத்திலேயே புல்லின்மேல் கிடக்கிறது. நிழல் நகர நகர அந்த வெள்ளையும் விளிம்பிலிருந்து கரைகிறது. அப்புறம் பக்கத்துக் கடையில் சூடான தேநீரும் வர்க்கியும் சாப்பிடுங்கள்.

இரண்டு சின்னக் குறிப்புகள். குளிரில் செல்பேசியின் பேட்டரி வேகமாக இறங்கும். உள்பையில் வைத்திருந்து படம் எடுக்கும்போது மட்டும் வெளியே எடுங்கள். சொந்தக் காரின் முன்கண்ணாடியில் பனி படிந்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். வண்டியை ஓடவிட்டு உள்ளே சூடான காற்றைப் போட்டால் தானாக இளகும்.

7. அறைக்குள் கரி நெருப்பு வேண்டவே வேண்டாம்

இதைத் தனித் தலைப்பாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்து, கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு தூங்கியவர்கள் மலை ஊர்களில் இறந்திருக்கிறார்கள். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை; தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். வெளியே தீ மூட்டிக் குளிர்காய்ந்துவிட்டு, மீந்த தணலை உள்ளே கொண்டுவருவதும் அதே ஆபத்துதான். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் காற்றுப் போக ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அறையை மாற்றச் சொல்லுங்கள்.

8. செலவு

மூன்று பேருக்கு, இரண்டு இரவுக்கு எங்களுக்கு ஆனது: ரயில் போகவர ஏசியில் 5,400, பஸ் 500, அறை 4,400, ஹீட்டர் 600, விடியற்காலைக் கார் 1,200, சாப்பாடு 4,500, கம்பளி உடைகள் 3,600. மொத்தம் 20,200 ரூபாய். ஸ்லீப்பரில் போய், உடைகளை உறவினர்களிடம் இரவல் வாங்கினால் 13,000 ரூபாய் அளவில் முடித்துவிடலாம். பொங்கல் வாரத்தில் போனால் அறைக்கு மட்டுமே இதில் பாதி போய்விடும்.

9. இறங்கும் நாள்

திரும்பும் ரயில் மேட்டுப்பாளையத்தில் இரவு ஒன்பது மணியைத் தாண்டிக் கிளம்புகிறது. ஊட்டியில் நான்கு மணிக்கே பஸ் ஏறிவிடுங்கள். மாலையில் மூட்டம் இறங்கினால் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். கீழே வந்து காத்திருப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. பஸ் நிலையம் அருகிலேயே சாப்பிட்டுக்கொள்ளலாம். கல்லாறு தாண்டும்போதே வியர்க்கத் தொடங்கும். ஸ்வெட்டரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட ஒரு தனிப் பை வைத்திருங்கள், இல்லையென்றால் குல்லாவும் கையுறையும் பஸ்ஸிலேயே தங்கிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் கம்பளி உடைகளை வெந்நீரில் போடாதீர்கள், சுருங்கிவிடும். குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புத் தூள் போட்டு அலசி, முறுக்காமல் பிழிந்து, மாடியில் நிழலில் விரித்துக் காயவையுங்கள். நன்றாகக் காய்ந்தபின் உலர்ந்த வேப்பிலையோடு பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டால் அடுத்த தைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். குழந்தைகளுடையதை மட்டும் ஒரு அளவு பெரிதாக வாங்கியிருந்தால் நல்லது.